வலது பக்கம் நின்ற வேன்

"…அதெல்லாம் இருக்கட்டும்ணா. உன் வண்டி இப்போ எந்தப் பக்கம் நின்னுகினு கீது? அத மட்டும் எறங்கிப் பாத்துட்டு சொல்லு."

ரயில்வே கேட்காரர் என் ஜன்னலோரம் வந்து இப்படிக் கேட்டபோது, நான் பல்லெல்லாம் தெரிய அவரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். கேட் மூடியிருந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து வண்டிகள். இறங்கிப் பார்த்தேன். பார்க்க என்ன இருக்கிறது? ரோட்டின் வலது பாதியில், கேட் கட்டைக்கு ஒரு முழம் தள்ளி, என் வேன் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

வலது பாதி எதிரே வருகிறவனுடையது. எனக்குத் தெரியாதா? லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. போதாக்குறைக்கு, அந்த வலது பாதியால் என்ன நடந்தது என்பது அந்த வட்டாரத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. அப்படியும் கொண்டுபோய் அங்கேதான் நிறுத்தியிருக்கிறேன். எப்போது ஸ்டீயரிங்கை ஒடித்தேன், எப்போது முன்னால் ஏறினேன், ஒன்றும் நினைவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல வந்தது கோபம். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் வருகிறது. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எண்பதுகளின் கடைசி. முடிச்சூர் அப்போது பாதி வயல், பாதி கல் நட்ட மனை. அந்தப் பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரைத் தினமும் காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, ஒரு தையல் கம்பெனியில் எட்டரைக்குள் இறக்கிவிட வேண்டும். அதுதான் என் பிழைப்பு. எட்டரைக்கு மணி அடித்துவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அரை நாள் போச்சு.

நடுவில் இருந்தது இந்த கேட். இரண்டு தண்டவாளம். ஒன்றில் செங்கல்பட்டுக்குப் போகிற வண்டி, மற்றதில் அங்கேயிருந்து வருகிற வண்டி. சிக்னலோடு இணைப்பெல்லாம் அந்த கேட்டுக்கு அப்போது கிடையாது. ஸ்டேஷனிலிருந்து போன் வரும். கேட்காரர் தன் சின்ன அறையை விட்டு வெளியே வந்து கைச்சக்கரத்தைச் சுற்றுவார். இரண்டு பக்கத்துக் கட்டையும் சேர்ந்து இறங்கும். ரயில் போனதும் திருப்பிச் சுற்றினால் ஏறும். யந்திரம் என்று பார்த்தால் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மனுஷ மூளை.

அந்த மூளை என்ன செய்யும் என்று கேளுங்கள். கேட் மூடியதும் முதலில் வருகிறவன் ஒழுங்காக இடது பக்கம் நிற்பான். இரண்டாவது ஆள் அவனுக்குப் பின்னால் நிற்பான். மூன்றாவது ஒருத்தன் வருவான், வலது பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பான். கேட் மூடியிருக்கும்போது எதிரே யாரும் வர முடியாது, காலியாகத்தானே கிடக்கும்! ஆனால் காலி இடத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும். நேராக ஏறி வந்து முதல் ஆளுக்குப் பக்கத்தில் ஜோடியாக நிற்பான். அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். ரோட்டின் அகலம் முழுக்க வண்டி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் அச்சு அசலாக இதே காட்சி. கட்டை ஏறியதும் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் பாய்ந்து, சரியாகத் தண்டவாளத்தின் மேல் வந்து மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். அப்புறம் ஆரம்பிக்கும், "நீ எடுறா", "நீ எடுறா" என்று.

தினமும் இது நடந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட எங்களுக்கு வெட்கம் வரவில்லை.

சைக்கிள்காரர்கள் இன்னொரு ரகம். கட்டைக்கு அடியில் சைக்கிளைப் படுக்கப்போட்டு இழுத்துக்கொண்டு, வருகிற ரயிலுக்கு முன்னால் ஓடுவார்கள். ஓடிப்போய் எங்கே நிற்பார்கள் தெரியுமா? அந்தப் பக்கத்து டீக்கடையில். கையில் கிளாசோடு, ரயில் போவதை வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தரை நான் கேட்டே விட்டேன். "உசுரக் குடுத்து ஓடியாந்தியே, இன்னாண்ணா அவ்ளோ அவசரம்?" அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அந்தாண்ட கடையில டீ நல்லா இருக்காதுபா."

ஜனங்கள் பேசுவதைக் கேட்டு மனசில் போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். நல்ல பேச்சு எங்கே கிடைத்தாலும் விட மாட்டேன். ஆனால் அந்த கேட்டில் கேட்ட ஒரு பேச்சை மட்டும் நான் வெறுக்கிறேன். "போயிடலாம் வா." புருஷன் பெண்டாட்டியைப் பார்த்துச் சொல்வான், அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு சொல்வாள், டிரைவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். நானும் சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது.

கேட்காரர் படப்பை பக்கத்து ஆள். ஒல்லி உடம்பு, பெரிய குரல். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. நாங்கள் ஹாரன் அடித்தால் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவார்: "நான் இன்னா ரயிலப் பாக்கெட்லயா வெச்சிகினுகீறேன்? வந்தாத்தானே போவும்!" வேனில் வரும் பெண்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், சோற்றுக்கு நேரமானால்கூட வீட்டில் இதையே சொல்ல ஆரம்பித்தார்களாம்.

அவர் சும்மா கத்திக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. ரோட்டை நடுவில் பிரித்துவிட்டால் வலது பக்கம் யாரும் ஏற முடியாது என்று மேலே எழுதிப் போட்டார். ரோடு எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. ரோட்டுக்காரர்களிடம் போய் நின்றார். கேட் எங்களுடையது இல்லை என்றார்கள் அவர்கள். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் கிடந்த அந்த இருபது முப்பது அடி யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாகிறவனுடையது போலிருக்கிறது.

கடைசியில் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையளவு கற்களை எங்கிருந்தோ உருட்டி வந்து, சுண்ணாம்பு அடித்து, ரோட்டின் நடுவே இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. புதன்கிழமைக்குள் ஒரு கல் இல்லை. தண்ணி லாரிக்காரன் நாலு கல்லை ஏற்றித் தள்ளினான். டெம்போக்காரர்கள் இறங்கி உருட்டிவிட்டார்கள். ஒரு கல்லை, சுண்ணாம்பு இன்னும் கையில் ஒட்டுகிற பதத்தில் இருந்த கல்லை, ஓரமாகத் தூக்கிப் போட்டவன் நான். டயர் உரசுகிறதாம் எனக்கு.

அந்தக் காலை. செங்கல்பட்டுக்குப் போகிற வண்டி போய்விட்டது, கேட் இன்னும் திறக்கவில்லை. எட்டேகால் ஆகப்போகிறது. நான் வலது பக்கம் முதல் ஆள். பின்னாலிருந்து ஒருத்தன் ஹாரன் அடித்தான். நானும் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், எடுக்கவே இல்லை. கேட்காரர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டார். எதிர் ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று திறந்தார். நேரம் தாராளமாகவே இருந்தது, நாங்கள் ஒழுங்காக இடது பக்கம் நின்றிருந்தால்.

எதிரே ஒரு ஜல்லி லாரி. அவன் அவனுடைய பாதியில் சரியாகத்தான் வந்தான். நான்தான் அவன் வழியில் போய் நின்றேன். பக்கத்தில் எங்கள் பாதியை அந்தப் பக்கத்துத் தண்ணி லாரி ஒன்று அடைத்துக்கொண்டது. பின்னால் டெம்போ என் முதுகோடு ஒட்டி நின்றது. என் முன் சக்கரம் இரண்டாவது தண்டவாளத்தின் மேல்.

"பின்னால எடுறா."

"ரோடு உங்கப்பன் ஊட்டுதா? நீ எடு."

ஜல்லி லாரிக்காரன் இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானும் அணைத்தேன். அவன் அணைத்தால் நான் அணைக்காமல் இருப்பேனா! கேட்காரர் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கட்டை பாதி இறங்கி டெம்போவின் கூரையில் போய் உட்கார்ந்தது. "எடுங்கடா! வண்டி வர்துடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தினமும் கத்துகிற மனிதர்தானே என்று யாரும் திரும்பவில்லை. திடீரென்று சக்கரத்தை விட்டார். அறைக்குள் பாய்ந்து சிவப்புக் கொடியோடு வெளியே வந்தார். தண்டவாளத்தின் நடுவில், செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, தெற்கே பார்த்து ஓடினார்.

அவர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு ரயில் என்று ஒன்று உண்டு என்பது ஞாபகம் வந்தது.

பெண்கள் பின்கதவைத் திறந்து குதித்தார்கள். கதவோரம் உட்காரும் அக்கா ஒருத்தி, எங்கள் வேனிலேயே வாயாடி, எல்லோரையும் தள்ளி இறக்கிவிட்டுக் கடைசியாகக் குதித்தவள், ஜல்லியில் கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தையல்காரிக்கு வலது கை.

ரயில் நின்றது. வேனுக்கும் அதற்கும் இடையில் இரண்டு கரண்டு கம்பத் தூரம் இருந்திருக்கும். அதை ஓட்டி வந்தவர் இறங்கி வந்தார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்டவாள ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

ஜல்லி லாரி பின்னால் போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை விட்டுக்கொடுக்கத்தான் எங்கள் ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை.

சரி, தண்டனை யாருக்கு? கேட்காரருக்கு. கேட்டை உரிய நேரத்தில் மூடவில்லை என்று சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை நடக்கும், வேலை போனாலும் போகும் என்றார்கள். நேரத்துக்கு மூட ஆரம்பித்தேன், வண்டிகள் வழிவிடவில்லை என்று அவர் சொன்னாராம். சாட்சி உண்டா என்று கேட்டார்களாம். பார்த்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட் அறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அன்று அங்கே ஐம்பது பேராவது இருந்திருப்போம். ஒருத்தர் போகவில்லை.

வேன் ஸ்டாண்டில் தண்ணி லாரிக்காரன் எனக்குப் புத்தி சொன்னான். "மச்சான், நீ போய் ராங் சைடுன்னு சொன்னின்னு வெய்யி, லைசென்ஸ அங்கியே பிடுங்கிக்குவான். அவருக்கு கவர்மென்ட் வேலை, எப்டியும் உள்ள எடுத்துக்குவாங்க. நமக்கு யாரு கீறா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பயந்தவனுக்கு எல்லாம் நியாயமாகப் படும். மூன்று வாரம், அந்த கேட்டில் புது ஆளைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேன் ஓட்டினேன்.

ஒரு நாள் காலை, வேலைக்கு வராத அந்த அக்கா, மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஸ்டாப்பில் வந்து நின்றாள். வேனில் ஏறவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எல்லோர் காதிலும் விழப் பேசினாள்.

"அண்ணா, என் கையப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. அது கூடிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மனுஷன் கொடியப் புடிச்சிக்கிட்டு ஓடலன்னா எங்க பன்னெண்டு பேருக்கும் இந்நேரம் கல்லறையிலயும் சுடுகாட்டுலயும் காரியம் முடிஞ்சிருக்கும். நீங்க போய்ச் சொல்றீங்களா, இல்ல, நான் ஒருத்தியா போவட்டுமா?"

"போறேங்க்கா."

"போறேன்னு சொல்லாதீங்க. கேட்டுல 'பொறு'ன்னா பொறுக்க மாட்டீங்க, இதுக்கு மட்டும் எவ்ளோ பொறுமை! இப்பவே வாங்க."

அன்றே போய்ச் சாட்சிக்குப் பெயர் கொடுத்தோம். மறுநாள் விசாரணை. தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு அறை. அதிகாரி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். கேட்காரர் மூலையில், சவரம் செய்த முகமும் தோய்த்த சட்டையுமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நான் சொன்னேன்: அவர் நேரத்துக்குத்தான் சுற்ற ஆரம்பித்தார், நான் வலது பக்கம் ஏறி வழியை அடைத்தேன், கட்டை இறங்க இடமில்லை.

அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்க டிரைவர்தானே? ரயில் வரும்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"ரயில் வருதான்னு பாத்தீங்களா?"

"இல்ல சார். லாரியத்தான் பாத்தேன்."

"எதுக்கு?"

"அவன் முந்திடுவானோன்னு."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பொய் சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அக்கா இடையில் புகுந்தாள். "சார், எங்க டிரைவர் நல்ல மாதிரி சார். வழியில ஒரு நாய் குறுக்க வந்தாக்கூட நிறுத்துவாரு. கேட்டு தொறந்தா மட்டும் மூஞ்சியே மாறிடும். இவருக்குன்னு இல்ல, எல்லா டிரைவர் மூஞ்சியும் அப்போ ஒரே மாதிரி ஆயிடும். பன்னெண்டு பேரும் உக்காந்து தெனம் பாக்கறோம்." அவளும் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் சொன்னதை நான் அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தேன். உண்மைதான். ரயில் எங்கள் யாருக்கும் பயமாக இருந்ததே இல்லை. அது வேறு வழியில் போகிறது, அதோடு எங்களுக்கு என்ன போட்டி? எதிரே நிற்கிறவன்தான் கண்ணுக்குத் தெரிந்தான். அவனிடம் தோற்கக் கூடாது. நேற்று ஒன்றும் ஆகவில்லை, முந்தாநாள் ஒன்றும் ஆகவில்லை, அதனால் இன்றைக்கும் ஆகாது என்று கணக்கு. இந்தப் புத்திக்கு நீங்கள் என்ன போர்டு வேண்டுமானாலும் எழுதி மாட்டுங்கள், படித்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே வலது பக்கம் நிற்போம். நாலைந்து வருஷம் கழித்து அங்கே பழைய தண்டவாளத் துண்டுகளை வெட்டி, ரோட்டின் நடுவே நெஞ்சுயரத்துக்கு நட்டார்கள். கேட்டைச் சிக்னலோடும் இணைத்தார்கள், கட்டை முழுசாக இறங்கிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை என்று. மறுநாளிலிருந்து எல்லோரும் இடது பக்கம் நின்றோம். எங்களுக்கு அறிவு வந்துவிட்டதா? வண்டி உடையுமே என்கிற பயம். இதைத்தானே அந்த மனிதர் சுண்ணாம்புக் கல்லை வைத்துக் கேட்டார்? அதற்கு ஏன் நாலைந்து வருஷம்?

நான் கெஞ்சிக் கேட்காமலே லைசென்சை விட்டுவைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, நன்றாகத் திட்டி அனுப்பினார்கள். கேட்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவர் திரும்பி வந்த முதல் காலையில்தான், இரும்புத் துண்டுகள் எல்லாம் வருவதற்கு ரொம்ப நாள் முன்னால், நான் வேனை வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "எப்டிண்ணா கீற? ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று பல்லைக் காட்டினேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வலது பக்கம்ணா," என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரயில் வந்தது, போனது. எல்லோரும் இஞ்சினை முடுக்கினார்கள். ஹாரன் ஆரம்பித்தது. அவர் கைச்சக்கரத்துப் பக்கம் போகவில்லை. என் வேனைத் தாண்டிப் பின்னால் நடந்து, வலது வரிசையில் கடைசியாக நின்ற ஆட்டோவின் கண்ணாடியைத் தட்டினார். "பின்னால எடு." அடுத்து மொபெட். அடுத்து டெம்போ. டெம்போக்காரன் இறங்கி வந்து, "உன் மேல கம்ப்ளெயின்ட் எழுதிப் போடறேன், திரும்ப ஊட்டுக்குப் போறியா?" என்று மிரட்டினான். அப்படி ஒரு கடிதம் போனால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? "பேனா வேணுமா?" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். டெம்போ பின்னால் போயிற்று. கடைசியில் என் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். நான் பின்னால் எடுத்து, எடுத்து, இடது வரிசையின் வாலில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். பிறகு அவர் கட்டைக்கு அடியில் குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், அங்கேயும் கடைசி வண்டியிலிருந்து ஆரம்பித்தார்.